பாக்கியத்தின் கட்டிய கைகள்

மலாயா அவசரகாலத்தில் புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டப் பள்ளியில் வாத்தியாராக இருந்தேன். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, பால்மரம் வெட்டப் போகிறவர்களின் தூக்குவாளியைக்கூட வாசலில் திறந்து பார்ப்பார்கள். அந்த நேரத்தில்தான் காது கேளாத பாக்கியத்தை அவள் அம்மா கொண்டுவந்து விட்டாள்.

“பாடம் வேணாங்க ஐயா. வேலியோரம் போவாம பாத்துக்குங்க. நில்லுன்னு கத்துனா இதுக்குக் கேக்காது, சுட்டுப்புடுவாங்க.”

இப்படிப்பட்ட பிள்ளைக்குக் கற்பிக்க எனக்கு யாரும் பயிற்சி தரவில்லை. எல்லா வகுப்பையும் ஒரே அறையில் மேய்க்கிறவனுக்கு இது வேறா என்று சலிப்பாகவே இருந்தது. பொருளைக் காட்டுவேன், கையால் ஒரு சைகை செய்வேன், பலகையில் எழுதுவேன். மற்ற பிள்ளைகள் என்னைவிடச் சூட்டிகை. விளையாட்டிலேயே சைகைகளைப் பெருக்கிவிட்டார்கள். மூலையில் குந்தியிருந்தவள் சண்டை போடும் அளவுக்குத் தேறினாள்.

வந்தது வினை. வேலிக்கு உள்ளே நின்றபடி, வெளியே பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் அவள் கையால் பேசியதைக் காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் பார்த்துவிட்டான். தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணி பள்ளிக்கே வந்தார்.

“காட்டுக்கு சிக்னல் குடுக்குதாம் லா. இன்னொரு தடவ கையாட்டுனா குடும்பத்தையே தோட்டத்த விட்டு அனுப்பிடுவாரு தொரை. கையக் கட்டி ஒக்கார வைங்க.”

கைகட்டி உட்காருவது நம் பள்ளிகளில் வழக்கம்தானே. பயத்தில் அப்படியே உட்கார வைத்தேன். சில நாளில் அவள் அம்மா வந்து அழுதாள்.

“வீட்லயும் கட்டுன கைய எடுக்க மாட்டேங்குதுங்க. பசிக்குதுன்னுகூட சொல்ல மாட்டேங்குது.”

மறுநாளே கான்ஸ்டபிளைக் கெஞ்சிக் கூத்தாடி வகுப்புக்கு அழைத்துவந்தேன். பாக்கியத்தின் கைகளை நானே பிரித்துவிட்டு, இவர் யார் என்று சைகையில் கேட்டேன். அவள் பயந்துகொண்டே தூக்குவாளியைத் திறந்து மூக்கை நுழைத்துப் பார்ப்பதுபோல் செய்துகாட்டினாள். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டான்.

“என்னையா சொல்லுது? செரி வாத்தியாரே, நில்லுங்கிறதுக்கு என்ன கை? அத மொதல்ல சொல்லிக் குடுங்க.”

அவளே அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவன் போய் எடுத்துச் சொன்ன பிறகு கிராணியும் சிக்னல் பேச்சை விட்டுவிட்டார். அடுத்த முறை அவள் வேலிப்பக்கம் ஓடியபோது அவன் கத்தவில்லை, கையை உயர்த்தினான். அவள் நின்றாள்.

இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பிள்ளைக்குக் கற்பித்தால் பாதி வேலைதான் முடியும். அவளோடு பேச வேண்டியவர்களுக்கும் கற்பிக்க வேண்டும். அதன்பின் என் வகுப்பில் யாரையும் கைகட்டச் சொன்னதில்லை. பள்ளியைப் பார்வையிட வரும் அதிகாரிகள் ஒழுங்கே இல்லை என்று கடிந்துகொள்வார்கள். நான் கைகட்டி நின்று கேட்டுக்கொள்வேன்.