ஹால்வர் கேட்டு வாங்கிய ஆறு மாதம்

ஹால்வரைப் போல ஒரு நல்லவனை நான் பார்த்ததில்லை. அவனைப் போல என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவனும் கிடையாது. ஸ்வீடனில், சுண்ட்ஸ்வால் நகரத்தில் இருவரும் ஒரே டிப்போவில் பஸ் ஓட்டினோம். ஒரே கட்டடத்தில் அவன் மாடி, நான் கீழ். ஐம்பது வயதுவரை தனிக்கட்டையாக இருந்துவிட்டு எய்வோர் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள், கலகலவென்று பேசுவாள். அந்தக் கோடையில் அவன் சீட்டியடித்துக்கொண்டே பஸ் ஓட்டினான்.

இலை உதிர்ந்து முடிவதற்குள் அவள் விவாகரத்துக்கு மனுப் போட்டுவிட்டாள். அடி இல்லை, குடி இல்லை, இன்னொருத்தியும் இல்லை.

"வாயே திறக்க மாட்டேங்கிறான், பிரித்தா. நான் கூட இருக்கறது அவனுக்குப் பிடிச்சிருக்கா இல்லையான்னே தெரியல" என்று என்னிடம் அழுதாள். எதிர்க் கட்டடத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஹால்வரை வக்கீலிடம் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

"இதத் தடுக்க முடியுமா?" என்று கேட்டான்.

"முடியாது. ஒருத்தர் வேண்டாம்னா போதும், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்ல" என்றார் வக்கீலம்மா. "உங்களுக்குச் சம்மதமில்லைன்னா, யோசிக்க ஆறு மாசம் கேளுங்க. கோர்ட்டு குடுத்தே ஆகணும். அதுக்கப்புறம் மறுபடியும் மனுப் போட்டாத்தான் தீர்ப்பு. யாருமே போடலைன்னா, வருஷம் முடிஞ்சதும் வழக்கு தானா செத்துப்போகும்."

"அப்ப அவ போடலைன்னா?"

"நீங்க புருஷன் பெண்டாட்டிதான்."

வெளியே வந்தபோது அவன் முகத்தைப் பார்க்கணுமே! கையில் ஏதோ வரம் கிடைத்த மாதிரி நடந்தான்.

பனிக்காலம் முழுக்க அவன் செய்தது என்ன தெரியுமா? ஒளிந்தான். இரண்டு கட்டடத்துக்கும் பொதுவாக எங்கள் அடித்தளத்தில் இருந்த சலவை அறைக்கு அவள் துணி துவைக்க வரும் நேரத்தில் கீழ்ப்பக்கமே தலை காட்ட மாட்டான். கடையில் அவளைக் கண்டால் அடுத்த வரிசைக்குத் திரும்பிவிடுவான்.

"போய்ப் பேசித் தொலையேன்டா!" என்று கத்துவேன்.

"அவ யோசிக்கற நேரம் அது, பிரித்தா. நடுவுல போய் நின்னா எப்படி யோசிப்பா?"

எங்கள் ஊர்ப் புத்தி அப்படி. பஸ்ஸில் வேறு இருக்கை காலியாக இருந்தால் யாரும் இன்னொருவர் பக்கத்தில் உட்கார மாட்டோம். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ஆறு மாதமும் முடிந்து, ஏரியில் பனிக்கட்டி உடைந்த சமயம், எய்வோர் என் பஸ்ஸில் ஏறி என் பக்கத்திலேயே நின்றாள்.

"மறுபடியும் மனுப் போட்டேன். தீர்ப்பும் வந்துடுச்சு."

"அடிப்பாவி, ஏன்டி?"

"ஆறு மாசம் கேட்டது அவன்தானே? கேட்டவன் வருவான்னு இருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் பன் சுட்டு வெச்சேன். ஒரு தடவை கதவத் தட்டலையே! கடையில என்னப் பாத்ததும் திரும்பிப் போனான். நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

அன்று வேலை முடிந்ததும் படியேறிப் போய் அத்தனையையும் அவன் தலையில் கொட்டினேன். அவன் கையில் தீர்ப்பு இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எனக்காகக் காத்திருந்தாளா?" என்றான். அதையே திரும்பத் திரும்பக் கேட்டான்.

"எழுந்திருடா! அந்தத் தீர்ப்பு உறுதியாக இன்னும் மூணு வாரம் இருக்கு. ரெண்டு பேரும் வேண்டாம்னு சொன்னா கோர்ட்டா வந்து பிரிக்கப் போகுது? ஓடு!"

எழுந்தான். கோட்டை மாட்டினான், முகத்தைத் துடைத்துக்கொண்டான். தாழ்ப்பாளில் கை வைத்தவன் அப்படியே நின்றான்.

"அவ நல்லா யோசிச்சு முடிவெடுத்துட்டா, பிரித்தா. இப்பப் போய் நின்னா அவளுக்குச் சங்கடமா இருக்கும்" என்றான். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, எனக்குக் காப்பி போடப் போனான்.