கட்டிலுக்குக் கீழே வைத்த சோறு

இது கதை இல்லை, நடந்தது. நம்பாதவர்கள் சிக்கலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு வந்து சண்முகவள்ளியிடமே கேட்டுக்கொள்ளலாம். தெருவில் வைத்துக் கேளுங்கள், அவள் வீட்டுக்குள் வைத்து வேண்டாம். பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று நினைத்துப் பகலில் தெம்பாகத் திரிகிறவர்கள் இதைப் படிக்காமல் இருப்பது நல்லது. இங்கே எல்லாமே உச்சி வெயிலில் நடந்தது.

சண்முகவள்ளியின் மாமனார் மூக்கையா. போன மாசியில், மிளகாய்ப் பழம் பறிக்கிற நேரத்தில், பக்கவாதம் வந்து அவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. உள்ளறையில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். கட்டிலுக்குக் கீழே அவருடைய கிழட்டு நாய் கிடந்தது. களத்தில் காய்கிற மிளகாயை ஓர் ஆடுகூட நெருங்கவிடாது என்பதால் அதற்கு ஏட்டு என்று பெயர். பல் போய்விட்டது, பார்வையும் மங்கிவிட்டது. அதிகாரம் மட்டும் குறையவில்லை.

அந்த ஏட்டு ஒரு நாள் மத்தியானம் ஊளையிட்டது. மறுநாளும் அதே உச்சி நேரம். அறையின் மூலையைப் பார்த்து நின்றுகொண்டு, கழுத்தை நீட்டி...

பக்கத்து வீட்டு ராமலெட்சுமி ஓடி வந்தாள். "நாய் ஊளையிட்டா எமன் வாசலுக்கு வந்துட்டான்னு அர்த்தம்டி. மொதல்ல அதத் தொலைச்சுக் கட்டு. ஒம் மாமனாரு பொழைச்சுக்கிருவாரு."

ஊருக்கே தெரிந்த சாஸ்திரம்தான். சண்முகவள்ளிக்கு மாமனார் என்றால் பெற்ற தகப்பனுக்கு ஒரு படி மேல். அவர் பிழைத்தால் போதும் என்று இருந்தது. புருஷன் பாண்டித்துரை லோடு ஆட்டோ வைத்திருக்கிறார், கருவாடு ஏற்றப் பாம்பனுக்குப் போய்வருவார். அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பாலத்தத் தாண்டி விட்டுட்டு வாங்க. கடலத் தாண்டுன நாய்க்கு வீட்டு வழி தெரியாது."

"பாவம்டி, அது கெழடு."

"மாமா வேணுமா, நாய் வேணுமா?"

ஏட்டுக்கு வண்டியில் ஏறத் தெம்பில்லை. அவர்தான் தூக்கி வைத்தார். தூக்கின கையை அது நக்கியது. அன்றைக்குத் திரும்பி வந்தவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

ஊளை நின்றது. மூக்கையாவும் தெளிவாகக் கஞ்சி குடித்தார். ஏட்டு எங்கே என்று கண்ணாலேயே கேட்டார். "களத்துல காவலுக்குக் கெடக்கான் மாமா" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அடுப்படியில் போய் அழுதாள்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம். களத்தில் மிளகாயைத் துழாவிவிட்டு, தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் வந்தாள். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. காக்கை சத்தம்கூட இல்லை.

உள்ளறையிலிருந்து ஒரு சத்தம்.

தப்... தப்... தப்...

நாய் வாலால் தரையைத் தட்டுகிற சத்தம்.

எட்டிப் பார்த்தாள். மூக்கையாவின் இடது கை கட்டிலிலிருந்து கீழே தொங்கிக்கொண்டிருந்தது. மெல்ல முன்னும் பின்னும் அசைந்தது, எதையோ தடவிக்கொடுப்பது போல. குனிந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. தரை மட்டும் ஒரு நாய் படுக்கிற அளவுக்கு ஈரமாக இருந்தது. அவர் விரல்களும் ஈரம்.

"ஏட்டு..." என்றார் மூக்கையா. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

ஏட்டுக்கு வால் பாதிதான். குட்டியாக இருந்தபோது டிராக்டர் ஏறிப் போனது. அது ஆட்டினால் தரையில் படவே படாது. இது சண்முகவள்ளிக்கு அப்போது தோன்றவில்லை. விட்ட இடத்தில் நாய் செத்துப்போயிருக்கும், செத்தும் பாசத்தில் தேடி வந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். பயத்தை விடக் குற்ற உணர்ச்சிதான் அதிகம் இருந்தது. ஒரு தட்டில் தயிர்ச் சோறு பிசைந்து கட்டிலுக்குக் கீழே தள்ளினாள்.

"தோ... தோ... உள்ள வா ஏட்டு. இது ஒன் வீடுதான்."

அவளே கூப்பிட்டாள்.

திரும்பி வந்து பார்த்தபோது தட்டு கழுவி வைத்தது போல் இருந்தது. ஒரு பருக்கை இல்லை. ஓர் எறும்பும் இல்லை.

மறுநாளிலிருந்து தினமும் சோறு வைத்தாள். தினமும் தட்டு காலி. ஆனால் மூக்கையா சிரிப்பது நின்றுபோனது. கன்னம் ஒட்டியது. கை எலும்பாகிக்கொண்டே வந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தானே சாப்பிடுறாரு, பெறகு என்ன?" என்று உதட்டைப் பிதுக்கினார்.

கையைக் கட்டிலுக்கு மேலேயே வைத்துக்கொள்ளப் பார்த்தார் மூக்கையா. அது தானாக நழுவிக் கீழே இறங்கும்.

யாரோ இழுப்பது போல.

கடைசி நாள். மணி பன்னிரண்டரை. சோற்றுத் தட்டோடு வந்தவளின் முந்தானையை அவர் எட்டிப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

"தாயி... வெளிய... வெளிய..."

"வெயிலு கொளுத்துது மாமா. சாயங்காலம் கட்டில வெளிய தூக்கிப் போடச் சொல்றேன்."

"இப்ப... இப்ப..."

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, தட்டைக் கீழே தள்ளிவிட்டு, களத்துக்குப் போனாள்.

பின்னால் கேட்டது. தப்... தப்... தப்...

வேகமாக.

திரும்பி வந்தபோது மூக்கையாவுக்கு உயிர் இல்லை. கண் திறந்தபடி இருந்தது.

காரியமெல்லாம் முடிந்தது. கட்டிலைத் தூக்கிப் போட யாருக்கும் மனம் வரவில்லை. பாண்டித்துரை மறுபடியும் பாம்பனுக்குக் கிளம்பினார். ஏட்டு செத்த இடத்தை விசாரித்து, எலும்பாவது கிடைத்தால் புதைத்துவிட்டு வருகிறேன் என்றார். வீட்டில் அவள் தனியாக இருந்தாள். உச்சி நேரம் போன் வந்தது.

"வள்ளி... ஏட்டு உசுரோட இருக்காண்டி!"

"என்ன சொல்றீக?"

"படகுக் காவலுக்கு இருக்குற மதார் பாய் மீனு போட்டு வளத்திருக்காரு. நல்லா இருக்கான். என்னயப் பாத்ததும் மேல விழுந்து நக்குறான்."

"நடுவுல... எங்கயும் போகலையா?"

"கேட்டுட்டேன். விட்ட நாள்லருந்து ஒரு படகு நெழல்லயே கெடக்கானாம். ஒரு நாள்கூட அசையலையாம்."

போனில் கடல் காற்று இரைந்தது.

"அப்ப நா இம்புட்டு நாளும் கூப்புட்டுச் சோறு வச்சது... யாருக்குங்க?"

பாண்டித்துரை மெதுவாகக் கேட்டார்.

"நீ இப்ப எங்கன இருக்க?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மூக்கையாவின் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தாள்.

கால் இரண்டும் கீழே தொங்கிக்கொண்டிருந்தன.

ஒரு பாதம் ஈரமாக இருந்தது.