குலுக்கினால் துடிக்கும் ஈ

தாண்டிக்குடி ஜீப்பில் எனக்கு வலிப்பு வந்தது. தெளிந்தபோது என் கையில் டிரைவர் திணித்த இரும்புச் சாவி இருந்தது. எதிரே, ஆண்கள் போடும் ஸ்வெட்டர் அணிந்த ஆராய்ச்சிக்கார அம்மா. மடியில் பழ ஈக்கள் நிறைந்த பாட்டில். பள்ளம் வரும்போதெல்லாம் அதைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார், யாரையும் தொடவிடமாட்டார்.

“ஈக்கும் வலிப்பு வருங்க,” என்றார் உற்சாகமாக. “எங்க லேப்ல சில ஈயைக் குலுக்கினாலே விழுந்து துடிக்கும். அதோட மரபணுவையும் மனுசனோடதையும் ஒப்பிட்டா, அவ்வளவு ஒத்துப்போகுது!”

“அதுக்கு எந்தச் சாவியம்மா குடுப்பீங்க?” என்றார் டிரைவர்.

“அதுக்கு மருந்து தெரிஞ்சா இவருக்கும் ஒரு வழி பொறக்கும்ணே,” என்று அந்த அம்மா சிரித்தார்.

வலிப்புக்காரன் என்று எஸ்டேட்டில் எனக்குக் கிளை வெட்டும் கவாத்துக் கத்திகூடத் தரமாட்டார்கள். அடுத்த கொண்டை ஊசி வளைவில் அந்த அம்மா பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டு மஃப்ளரைக் கட்டினார். குலுங்காமல் பிடித்திருந்தேன். எந்தத் தைரியத்தில் கொடுத்தார் என்று இன்றும் புரியவில்லை.