ஐஸ் தேய்க்கிற வண்டிக்குப் பொட்டு வெச்ச கதை

எங்க ஐஸ் ஹாக்கி கிளப்போட வரலாற்றை எழுதுற பொறுப்பு என் தலையில வந்து விழுந்ததுக்கு ஒரே காரணம், நான் ஐ.டி.யில இருக்கேன்ங்கறதுதான். ஐ.டி.ன்னா டைப் அடிக்கத் தெரியும், டைப் அடிக்கத் தெரிஞ்சா வரலாறு எழுதத் தெரியும். இன்டர்வியூ அவ்வளவுதான். நான் வேலை பார்க்கிற பேங்க்ல கூட அஞ்சு ரவுண்டு வெச்சாங்க.

ஜெர்சி சிட்டி அப்பார்ட்மென்ட்ல இருந்தவரைக்கும் ஐஸ்னா எனக்கு ஜூஸ்ல மிதக்கறது. வீடு வாங்கி இந்தப் பக்கம் வந்த பிறகுதான் கிளப்போட கதை தெரிஞ்சுது. ஒரு காலத்துல இங்க இருந்த ஃபேக்டரிக்கு ஸ்வீடன்ல இருந்து ஏழெட்டு இன்ஜினியர் குடும்பம் வந்திருக்கு. வந்த முதல் குளிர்காலமே ஊர் ஞாபகம் தாங்காம, சர்ச் பார்க்கிங் லாட்ல தோட்டத்துக் குழாயைப் போட்டுத் தண்ணி ஊத்தி, உறைய விட்டு, அதுல ஹாக்கி ஆடியிருக்காங்க. நாம வந்து இறங்கின கையோட தமிழ்ச் சங்கம் ஆரம்பிக்கிறோம் இல்ல, அது மாதிரிதான். என்ன, இவங்க இன்னும் ரெண்டா உடையல.

ஃபேக்டரி மூடி, ஸ்வீடன்காரங்க முக்கால்வாசிப் பேர் போயிட்டாங்க. இப்ப கிளப்புக்குக் கூரை போட்ட ஐஸ் ரிங்க் இருக்கு, ஆடுற பிள்ளைங்கள்ல பாதி நம்ம ஆளுங்க. ஆனா ஸ்வீடன் கொடி நிறத்துல அந்த நீல மஞ்சள் ஜெர்சியும் ரெண்டு பழக்கமும் அப்படியே நிக்குது. ஒண்ணு, எல்லா வேலையையும் அப்பா அம்மாங்க முறை வெச்சுச் செய்யணும். காபி போடறதுல இருந்து பாத்ரூம் கழுவுற வரைக்கும். இன்னொண்ணு, புத்தகம்.

புத்தகம்னா ஒரு தடி நோட்டு. சனிக்கிழமை தவறாம கிளப்புல நடந்ததை அதுல எழுதணும். ஜெயிச்சது, தோத்தது மட்டும் இல்ல. யார் என்ன சொதப்பினாங்கங்கறதும் பேரோட ஏறும். ஏறிடுச்சுன்னா அதோட சரி, அதுக்கப்புறம் அதைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. இதைக் கேட்டப்ப எனக்கு மயக்கமே வந்துடுச்சு. நம்ம குடும்பங்கள்ல ஒரு வரி எழுத மாட்டோம், ஆனா என் கல்யாணத்துல ரசத்துக்கு உப்புப் போடாத விஷயத்தை இன்னைக்கு வரைக்கும் பேசுறாங்க.

அந்தப் புத்தகத்தை எழுதிட்டு வந்தது, ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரோட மனைவி. எம்பது வயசு தாண்டின ஸ்வீடன்காரம்மா. முதல் நாள் நான் பழக்க தோஷத்துல ஆன்ட்டின்னு கூப்பிட, "யாருக்கு?"ன்னு கேட்டாங்க. அப்புறம் விட்டுட்டாங்க. நான்தான் விடல.

என் பொண்ணுக்குப் பன்னெண்டு வயசு. தமிழ் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷ்ல. அவ கோல்கீப்பர். கோல்கீப்பர்னா, ரெண்டு வருஷமா பெஞ்ச்ல உக்காந்திருந்த கோல்கீப்பர். வழக்கமா நிக்கிற பையனோட அப்பாவுக்கு சுகர் லேண்ட்ல வேலை மாறி அவங்க டெக்ஸாஸ் கிளம்பினதும், இவளுக்கு அந்த அக்டோபர்ல முதல் மேட்ச் கிடைச்சுது. ஒரு வாரம் வீட்டுக்குள்ள கால் பேடோட நடந்தா. ஃபிரிட்ஜைத் திறக்கக் கூட அப்படியே போனா.

மேட்ச் சனிக்கிழமை. முந்தின நாள் ஆயுத பூஜை. அந்தச் சனிக்கிழமை காலையில ஐஸ் தேய்க்கிற வண்டியைக் கழுவித் தண்ணி ரொப்புற முறை என்னோடது. அந்த வண்டி மேல இருக்கிற ஐஸைச் சீவிட்டு, பின்னாடி தொங்குற ஈரத்துணியால வெந்நீர் தடவிட்டே போகும். அது உறைஞ்சா ஐஸ் புதுசு. நான் கரூர்க்காரன். பஸ்ஸுக்கு பாடி கட்டுற ஊரு. எங்க ஊர்ல ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்காம ஒரு வண்டி ரோட்டுக்கு வந்துடுமா? என் காருக்கு வெச்சாச்சு, லேப்டாப்புக்கு வெச்சாச்சு, பொண்ணோட ஹாக்கி மட்டைக்கு வெச்சாச்சு. அவ்வளவு பெரிய வண்டி மொட்டை நெத்தியோட நிக்குது, அதுவும் என் பொண்ணோட முதல் மேட்ச் அன்னைக்கு. மனசு கேக்குமா?

"ஏங்க, வைக்கிறதுன்னா யாருக்கும் தெரியாத இடமாப் பார்த்து வைங்க. கற்பூரம் கிற்பூரம் ஏத்தி ஃபயர் இன்ஜினை வரவெச்சுடாதீங்க"ன்னா என் மனைவி.

கற்பூரம் ஏத்தல. அந்த அளவுக்கு அறிவு இருந்துச்சு. பூசணிக்காய் உடைக்கணும்னு கை துறுதுறுத்துச்சு. அக்டோபர் மாசம், நியூ ஜெர்சியில வாசலுக்கு வாசல் பூசணிக்காய் வேற. அதையும் அடக்கிக்கிட்டேன். சக்கரத்துக்கு அடியில ஒரு எலுமிச்சம்பழம், அப்புறம் சந்தனத்தைக் குழைச்சு, மேல குங்குமம். நல்லா தாராளமாத்தான் வெச்சேன். எங்க வெச்சேன்? யாருக்கும் தெரியாத இடம்னு பின்பக்கம் கீழே, அந்த ஈரத்துணிக்கு நேர் மேல. இருக்கிற இடத்தையெல்லாம் விட்டுட்டு.

டிரைவர் வந்தார், ஏறினார், எலுமிச்சம்பழம் நசுங்குச்சு, வண்டி கிளம்புச்சு. கேட்டைத் தாண்டி எங்க கோலுக்கு முன்னாடிதான் வெந்நீரைத் திறப்பார். நான் ஸ்டாண்ட்ல உக்காந்து மனசுக்குள்ள சாமி கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்.

மேட்ச் ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம் இருக்கும். ரெஃப்ரி விசிலை ஊதிட்டு எங்க கோலுக்கு முன்னாடி குனிஞ்சு பார்த்தார். ஐஸ்ல செவப்பா ஒரு திட்டு, அதுல இருந்து வால் மாதிரி ஒரு இழுப்பு. பார்த்த மாத்திரத்துல எனக்குத் தெரிஞ்சு போச்சு. நான் வெச்ச பொட்டு வெந்நீர் ஆவியில கரைஞ்சு, துணி வழியா இறங்கியிருக்கு.

அவருக்கு அது ரத்தம். ரத்தம் கிடந்தா, யாரோடதுன்னு தெரியாம ஆட்டத்தைத் தொடரக் கூடாதாம். ரெண்டு டீம் பிள்ளைங்களையும் வரிசையா நிக்கவெச்சு, ஹெல்மெட்டைக் கழட்டி, கையைத் திருப்பி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் கூட இல்ல. யாரோடதுன்னு தெரியலைன்னா மேட்ச் கேன்சல்னு சொல்லிட்டார்.

எழுந்திரிச்சு, "சார், அது குங்குமம்"னு சொல்றதுக்கு ஒரு வரி போதும். நான் எழுந்திரிக்கல. மனசுல ஓடினது என்ன தெரியுமா? கிரீன் கார்டு. பன்னெண்டு வருஷமா க்யூல நிக்கிறவன். ஐஸை நாசம் பண்ணினான்னு ஒரு கேஸ் வந்தா? சிரிக்காதீங்க. அந்த க்யூல நின்னவங்களுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்.

என் பொண்ணு முட்டி போட்டு, கிளவுஸைக் கழட்டி, அந்தச் செவப்பைத் தொட்டு மோந்து பார்த்தா. சந்தன வாசனை அடிச்சிருக்கும். அப்படியே தலையைத் தூக்கி, அவ்வளவு கூட்டத்துல நேரா என்னைப் பார்த்தா. நான் என் ஷூவைப் பார்த்தேன். அப்புறம் அவ குரல் கேட்டுச்சு.

"இட்ஸ் மைன். நோஸ் ப்ளீட்."

அவளை வெளியே உக்கார வெச்சாங்க. கோச் மூக்குல ஐஸ் பேக் வெச்சு விட்டார். கோல்ல நிக்க ஆள் இல்லாம உயரமா இருந்த ஒரு பையனை நிக்க வெச்சாங்க. பதினொண்ணு, பூஜ்யம். அடுத்த மேட்ச்ல அவன் நாலுதான் விட்டான். அதை முன்னேற்றம்னு சொல்லி அவனையே நிரந்தரமாக்கிட்டார் கோச். "சின்னப் பொண்ணு, மூக்கு உடையுது, அடுத்த சீசன் பார்க்கலாம்"னார். ரெண்டு வருஷம் காத்திருந்தவ அஞ்சு நிமிஷம் ஆடிட்டு மறுபடி பெஞ்ச்.

கார்ல போயிட்டு இருக்கறப்ப, "ஏன் கண்ணு அப்படிச் சொன்னே?"ன்னு கேட்டேன். ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டா. அவ்வளவுதான், அதைப் பத்தி நாங்க பேசினது.

மனைவிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். "போய்ச் சொல்லித் தொலைங்களேன். குங்குமத்துக்கு டிப்போர்ட் பண்ணினா நியூஸ்ல வரும், நம்ம ஜனத்துக்கே பெருமை"ன்னா. அடுத்த வாரம் சொல்றேன்னேன். அடுத்த வாரம் தேங்க்ஸ்கிவிங் வரைக்கும் வந்துச்சு, பொங்கல் வரைக்கும் வந்துச்சு. அந்தச் செவப்பு மட்டும் போகவே இல்ல. நான் வெச்ச பொட்டு மேல தண்ணி ஊத்தி ஊத்தி அது அடியில பத்திரமா உறைஞ்சு கிடந்துச்சு. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அதைப் பார்ப்பேன். பெஞ்ச்ல இருந்து அவளும் பார்ப்பா.

பிப்ரவரியில ஆன்ட்டிக்குக் கண் சரியாத் தெரியல. புத்தகத்தை என் கையில குடுத்து, "நீ இனி செக்ரெட்டரி. பழசையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்து"ன்னாங்க. வீட்டுக்குக் கொண்டு வந்து டைப் அடிக்க உக்காந்தேன். சிரிச்சு மாளல. குழாயைத் திறந்து விட்டுட்டுக் கார்ல தூங்கிப் போன தலைவர். எதிர் டீமோட பஸ்ல தன் பிள்ளையை ஏத்தி அனுப்பிட்ட அப்பா. எல்லாம் பேரோட. நடுவுல ஒரு வரி: "அறுபது பன்னும் தீய்ந்து போயின. செய்தது நான்." ஆன்ட்டி தன்னைப் பத்தியே எழுதினது.

அக்டோபர் பக்கம் வந்துச்சு. "கோல்கீப்பருக்கு மூக்கில் ரத்தம். 11–0." கூடவே என் பொண்ணு பேர். அறுபது பன்னுக்குப் பொறுப்பு ஏத்துக்கிட்ட புத்தகத்துல, ஒரே ஒரு பொய், அதுவும் என் பிள்ளை தலையில. அவ எனக்குப் பின்னாடி நின்னு படிச்சுக்கிட்டு இருந்தது எனக்குத் தெரியாது.

"ஜஸ்ட் டைப் வாட் இட் சேஸ், அப்பா"ன்னுட்டுப் போயிட்டா. எனக்கு அழுகை வந்துடுச்சு. வெட்கமா இருந்துச்சு. பன்னெண்டு வயசுப் பிள்ளை என்னைக் காப்பாத்திட்டே இருக்கா.

மார்ச்ல சீசனோட கடைசி சனிக்கிழமை. மேட்ச்சுக்கு முன்னாடி வருஷக் கூட்டம். அந்த வருஷத்துப் பக்கங்களை செக்ரெட்டரி சத்தமாப் படிக்கணும், அப்புறம்தான் காபியும் பன்னும். படிச்சுட்டே வந்தேன். அந்தப் பக்கம் வந்ததும் நிறுத்தினேன். தண்ணி குடிச்சேன். அப்புறம் அடியில நான் எழுதி வெச்சிருந்ததைப் படிச்சேன். "அது ரத்தம் இல்லை. குங்குமம். வண்டிக்கு பூஜை செய்தேன். கோல்கீப்பர் மூக்குக்கு ஒன்றும் இல்லை. அவள் என்னைக் காப்பாற்றினாள். செய்தது நான்."

ஆன்ட்டி கையை நீட்டினாங்க. புத்தகத்தைக் குடுத்தேன். மூக்கு ஒட்டுற அளவுக்குக் குனிஞ்சு, தன்னோட வரியை அடிச்சுட்டு, பக்கத்துல எழுதினாங்க: "விசாரிக்காமல் எழுதியது நான்."

கோச் முகம் செவந்து எழுந்தார். "நீ... அஞ்சு மாசம்..."

"எழுதியாச்சு"ன்னாங்க ஆன்ட்டி. கோச் வாயை மூடிட்டு உக்காந்தார். திட்ட முடியாம அந்த மனுஷன் பட்ட பாடு இருக்கே, ரெண்டு பன்னை ஒரே வாயில திணிச்சுக்கிட்டார். அப்புறம் போய், கோல்கீப்பர் பேடை எடுத்து என் பொண்ணு மடியில வெச்சார்.

அந்தச் செவப்புத் திட்டு மேலயே நின்னு முழு மேட்ச்சும் ஆடினா. தோத்தோம், மூணு ரெண்டு. நாங்க கத்தின கத்தல்ல ஜெயிச்ச டீமே குழம்பிப் போச்சு.

திரும்பி வர்றப்ப ஹெட்ஃபோன் மாட்டாம முன் சீட்டுல உக்காந்திருந்தா. அஞ்சு மாசமா மனசுக்குள்ள சேர்த்து வெச்சிருந்த மன்னிப்பையெல்லாம் ஒட்டுக்கா எடுத்தேன்.

"கண்ணு, அன்னைக்கு அப்பா எழுந்திரிச்சிருக்கணும். நான்..."

"அப்பா," அவ என் கை மேல கையை வெச்சா. "இட்ஸ் இன் தி புக்."