அண்ணன் எல்லாருக்கும் எழுதி வாங்கிய பெர்மிட்

அண்ணனின் நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதும்படி அண்ணி என்னிடம் சொன்னார். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். எழுதக்கூடிய மருமக்கள் இருக்கிறார்கள். "நீங்கள்தானே அவரோட கூடச் சண்டை பிடிச்சனீங்கள், நீங்களே எழுதுங்கோ" என்றார். எழுதுகிறேன். பிழை இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் திருகோணமலைக்குப் பக்கத்தில், சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் பிறந்தார். ஐந்து பேரில் மூத்தவர். அப்பா கடலோடு போனபோது பள்ளிக்கூடத்தை விட்டார். தங்கைமார் இருவரையும் கட்டிக்கொடுத்தார். எங்களையும் ஆளாக்கினார். இடம்பெயர்ந்தோம், திரும்பி வந்தோம். கடல் ஊருக்குள் வந்தது. மறுபடியும் போனோம், மறுபடியும் வந்தோம். அதைப் பற்றி அண்ணன் கதைத்ததில்லை. நானும் எழுதவில்லை.

அண்ணன் குடித்ததில்லை. புகைத்ததில்லை. அரசாங்கத்தைத் திட்டுவார். அது ஒன்றுதான் பழக்கம். முட்டைக்கு அரசாங்கம் விலை குறித்த கிழமை கடைகளில் முட்டை இல்லாமல் போனது. வெறும் பையோடு வந்த அண்ணியிடம், "விலை நல்லா மலிஞ்சு போச்சு. முட்டையைத்தான் காணேல்ல" என்றார்.

ஊர் திரும்பிய பிறகு சல்லியில் ஐஸ் கிடைக்காது. பிடித்த மீனில் பாதி கெட்டுப்போகும். அண்ணன் ஒரு பழைய லொறி வாங்கினார். கிண்ணியாவில் நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் முதலாளி ஒருவர் சொந்தமாக ஐஸ் ஆலை நடத்தினார். அண்ணன் அவரிடம் ஐஸ் கட்டி எடுத்து, உமி போட்டு மூடி, விடியமுன் கரைக்குக் கொண்டுவருவார். மீன் கூடின மாதங்களில் ஐஸுக்கு விலையும் கூட்டுவார். ஆட்கள் ஏசினார்கள். "விலை கூடினாத்தான் இன்னொரு லொறிக்காரன் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பான்" என்பார். அது யாருக்கும் பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

ஊரார் மனுக் கொடுத்தார்கள். அரசாங்க அதிகாரி ஐயா ஒருவர் வந்து ஐஸுக்கு விலை குறித்தார். அண்ணன் கேட்டார்: "விலையை நீங்கள் எழுதிப்போட்டியள் ஐயா. ஐஸை ஆர் எழுதுறது?"

ஐயா அதையும் எழுதினார். சல்லியில் அரசாங்க ஐஸ் ஆலை வரும் என்று பலகை நட்டார்கள். ஆலைக்குப் போட்டி இருக்கக் கூடாதென்று லொறிகளில் ஐஸ் ஏற்றும் பெர்மிட்டை நிறுத்தினார்கள். ஆலை வரமுன்னமே நிறுத்தினார்கள்.

அந்த ஆலையில் எனக்குக் காவல்காரன் வேலை கிடைத்தது. ஒரு கட்டி ஐஸ் வரமுன்னம் எட்டுப் பேர் சம்பளம் எடுத்தோம். அண்ணன் சைக்கிளில் வந்து கேற்றில் நிற்பார்.

"தம்பி, என்னத்தைக் காக்கிறாய்?"

"பக்டரியை."

"உள்ளுக்கு என்ன கிடக்கு?"

"கதிரை கிடக்கு. மேசை கிடக்கு."

"களவெடுக்கிற மாதிரி ஏதும் வந்தாச் சொல்லு. நானே வாறன்."

எனக்குச் சிரிக்க ஏலாது. சீருடை போட்டிருந்தேன்.

அண்ணன் லொறியில் மண் ஏற்றப் போனார். அதற்கும் பெர்மிட். விறகு ஏற்றினார். அதற்கும் பெர்மிட். வைக்கோலுக்குப் பெர்மிட் இல்லை, வாங்கவும் ஆள் இல்லை. கடைசியில் லொறியை நிலாவெளியில் ஒருவருக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்தார். ஆலை திறப்பு விழாவுக்கு அடுத்த நாள் வந்து எடுப்பதாக ஒப்பந்தம். அண்ணி அழுதார். அண்ணன் லொறியைக் கழுவிக்கொண்டு நின்றார்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் ஓட்டிப் பார்த்தபோதே மெஷின் நின்றுவிட்டது. கொழும்பில் இருந்து அரசாங்கப் பெரியவர் ஒருவர் வருகிறார். காட்ட ஐஸ் இல்லை. அதிகாரி ஐயா கிண்ணியா நானாவுக்குப் போன் பண்ணினார். அண்ணனின் லொறி வந்தால் ஏற்றுவேன், வேறு வாகனம் வந்தால் ஏற்றமாட்டேன் என்று நானா சொல்லிவிட்டார். விழா நாள் காலையில் ஐயாவை நான்தான் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

"அவசரமா ஐஸ் கொஞ்சம் வேணும்" என்றார் ஐயா.

"ஏலாது ஐயா. பெர்மிட் இல்லை."

"அதை நான் பார்க்கிறன்."

"நீங்கள் பார்த்துத்தான் போனது."

"இண்டைக்கு மட்டும்தானே. ஆர் கேக்கப் போறாங்கள்?"

"இவன் என்ர தம்பி, காவல்காரன். இவனே பிடிப்பான்."

"ஓம், பிடிப்பன்" என்றேன்.

ஐயா என்னைப் பார்த்தார். பிறகு லொறியின் முன்பக்கத்தில் கடதாசியை வைத்து எழுதத் தொடங்கினார். அண்ணனின் பெயரை எழுதப் போக, அண்ணன் பேனையைப் பிடித்தார்.

"எனக்கு மட்டும் எண்டால் வேண்டாம். கொண்டுவர விருப்பமான ஆரும் கொண்டுவரலாம் எண்டு எழுதுங்கோ. விலையும் குறிக்காதேங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. "அண்ணை, உங்களுக்கு விசரே? கையில வந்ததை ஊருக்குக் குடுக்கிறியள்" என்றேன்.

"எனக்கு மட்டும் தந்தா நானும் அரசாங்கம்தான்" என்றார்.

ஐயாவுக்கு நேரம் இல்லை. சொன்னபடி எழுதி, எந்த நாள் வரைக்கும் என்றும் குறிக்காமல் முத்திரை குத்தினார். அண்ணன் லொறியை எடுத்தார்.

பெரியவர் நாடா வெட்டினார். ஐஸைத் தொட்டுப் பார்த்தார். கையில் உமி ஒட்டியது. "இது என்ன?" என்றார். "புது முறை சேர்" என்றார் ஐயா. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

நிலாவெளிக்காரர் அடுத்த நாள் வந்து வெறுங்கையோடு போனார். ஆலையில் கடைசிவரை ஐஸ் வரவில்லை. கரைக்கு லொறிகள் வந்தன. முதலில் ஒன்று, பிறகு ஐந்து. விலை அரசாங்கம் குறித்ததைவிடக் கீழே போனது. அண்ணனிடம் ஐஸ் வாங்கின ஆட்களில் பாதிப் பேர் மற்ற லொறிகளிடம் போனார்கள். அண்ணன் அதற்கும் ஏசினார். "நீங்கள் கேட்டு வாங்கினதுதானே" என்று அண்ணி சொல்வார். "ஓம். அதுக்காக ஏசக் கூடாதோ?" என்பார்.

கடைசி வருடம் நெஞ்சு வருத்தம். திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில் இருமுறை காப்பாற்றினார்கள். "அண்ணை, இதுவும் அரசாங்கம்தான்" என்றேன். "ஆஸ்பத்திரியில நிக்கட்டும். ஐஸுக்குள்ள ஏன் வருது?" என்றார்.

அங்கே வைத்துத்தான் கேட்டேன். உங்கள் பிழைப்பை மறித்த இடத்தில் இவ்வளவு காலம் நான் சம்பளம் எடுத்தனான், மனவருத்தம் இல்லையா என்று. அண்ணன், "அந்தப் பக்டரி உருப்படியாச் செய்தது ஒண்டு. உன்ர பிள்ளையளைப் படிப்பிச்சது" என்றார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

துயரில் பங்கெடுத்த எல்லாருக்கும் குடும்பத்தின் நன்றி. வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும் நன்றி. பந்தலுக்குக் கதிரை அனுப்பிய கிண்ணியா நானாவுக்கு நன்றி. அதிகாரி ஐயா ஓய்வு பெற்றுவிட்டார். அவரும் வந்து நின்றார். அவருக்கும் நன்றி.

அண்ணனின் வியாபாரத்தைப் பாதியாக்கிய ஐந்து லொறிக்காரருக்கும் நன்றி. இறுதிச் சடங்கு அன்று காலையும் கரையில் ஐஸ் இறக்கிவிட்டுத்தான் வந்தார்கள். போட்டிருந்த சேட்டெல்லாம் ஈரம். அந்த ஈரத்தோடே அண்ணனைத் தூக்கினார்கள்.