எதிர் ஷெட்டின் சத்தம்

தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் என் ஷெட்டும் என் சகலையின் ஷெட்டும் எதிரெதிரே. இருவருமே தோல் கைப்பை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள். நான் அமெரிக்காவுக்கு, அவன் பிரான்சுக்கு. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் அவனுடைய மாமா பிடித்துக் கொடுத்த ஆர்டர். கார் டிக்கியில் அடங்குகிற வியாபாரம் என்று நான் கேலி செய்வேன்.

அமெரிக்காவில் நம் சரக்குக்கு வரியை ஏற்றியதும் அங்கே என் சரக்கை வாங்கும் பார்ட்டி ஆர்டரை நிறுத்திவிட்டான். வரி இறங்கட்டும், பார்க்கலாம் என்று ஒரு மெயில், அவ்வளவுதான். எதிர் ஷெட்டில் மட்டும் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. காலையில் கேட்டைத் திறக்கும்போதே அந்தச் சத்தம் காதில் விழும், வயிறு எரியும். மச்சினியின் புருஷன், நன்றாக இருக்கட்டும் என்று நினைக்கத்தான் வேண்டும். எனக்கு வரவில்லை. அவன் கொட்டாவி விட்டால்கூடப் பணத்திமிராகத் தெரிந்தது.

என்னிடம் மிச்சம் இருந்த தையல் பெண்கள் வாசலில் உட்கார்ந்துதான் மதியம் சாப்பிடுவார்கள். அவர்கள் பார்வை எதிர்ப்பக்கம் போனால் எனக்குச் சோறு இறங்காது. கை பழகிய ஆட்கள். இவர்களும் போய்விட்டால், நாளைக்கே வரி இறங்கினாலும் யாரை வைத்துத் தைப்பேன்?

ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்குப் பொட்டு வைத்து ஓய்வு கொடுத்தோம். மறுநாள் விஜயதசமி. பேருக்கு நாலு தையல் போட்டுத் தொடங்கிவைத்துவிட்டு வீட்டுக்குப் போவதுதான் எங்கள் வழக்கம். அவனோ அன்றைக்கும் சாயங்காலம் வரை ஓட்டினான். எனக்குப் பொறுக்கவில்லை.

"வேஸ்ட் தோலு கெடக்குதுல்ல, அத எடுத்துத் தைங்க. எல்லா மெஷினும் ஓடணும். கதவ நல்லா தொறந்து வைங்க" என்றேன்.

அன்றோடு விடவில்லை. தினமும் துண்டுத் தோலைத் தைத்தோம்.

"இது யாருக்குண்ணே?" என்று கேட்டாள், இருப்பவர்களில் மூத்த தையல்காரி.

"சாம்பிளு" என்றேன்.

அடுத்த வாரம் சகலையே வந்து வாசலில் நின்றான்.

"எப்படிண்ணே? அமெரிக்கா ஆர்டர் எடுத்தவனெல்லாம் படுத்துட்டான்றாங்க. ஒங்க ஷெட்ல சத்தம் நிக்கவே மாட்டேங்குதே!"

"ஏதோ ஓடுது."

அவன் முகத்தில் பொறாமையைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், இனித்தது.

"எனக்கு கிறிஸ்மஸ் ஆர்டர் தலைக்கு மேல வந்துடுச்சுண்ணே. பாதிய ஒங்களுக்குக் குடுக்கலாம்னுதான் இருந்தேன். நீங்களே பிஸி. அதான் காலைல சேதராப்பட்டுல ஒரு ஷெட்டுல பேசி முடிச்சுட்டு வந்தேன். அங்க தைக்கத்தான் ஆளு பத்தலயாம்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"பரவால்ல, எங்களுக்கே கை நெறைய வேல" என்றேன்.

பின்னால் மெஷின்கள் நின்றன. மூத்த தையல்காரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அவனைத்தான் கேட்டாள்.

"சார், சேதராப்பட்டுக்கு எந்த பஸ்ஸு போவும்?"