மருமகளின் எம்.பி.ஏ.வும் நான் எழுதிக்கொடுத்த இரண்டு கடிதங்களும்

என் மருமகள் எம்.பி.ஏ. படிக்கப் போகிறாள் என்று எனக்கு முதலில் சொன்னது அவள் இல்லை. போனில் ஒரு பெண் சொன்னாள்.

"வணக்கம் மேடம், எம்.பி.ஏ. அட்மிஷனுக்கு என்கொயரி போட்டிருந்தீங்க இல்லையா?"

எனக்குப் புது ஆட்களோடு பேச வராது. தெருவில் யாராவது விலாசம் கேட்டால்கூடக் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். போனை வைக்கவும் கை வரவில்லை. அந்தப் பெண் ஏசி வகுப்பறை, ஹாஸ்டல், சிங்கப்பூர் டூர், படித்து முடித்த கையோடு வேலை என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். கடைசியில், "உங்க குவாலிஃபிகேஷன் என்ன மேடம்?" என்று கேட்டாள்.

"அஞ்சாவது" என்றேன்.

அவளே போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் மருமகள் வண்டியை நிறுத்தியதும் கேட்டேன்.

"கம்பெனில போன் எடுக்க வுடமாட்டாங்க அத்த. அதான் உங்க நம்பர போட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

அவள் எப்போதும் அப்படித்தான். நான் ஒரு சொல்லை யோசித்து எடுப்பதற்குள் அவள் பத்து சொல்லிவிட்டு உள்ளே போயிருப்பாள். அவளை எனக்குப் பிடிக்காது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. இதை மறைத்து எழுத ஒன்றுமில்லை, புதுச்சேரிப் பக்கம் பாகூர் ஏரிக்கரையில் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என் மகன் குவைத்தில் இருக்கிறான். வீட்டின் முன்பக்கம் நான், பின்கட்டில் அவளும் எட்டு வயது பேத்தியும். அவளுக்குத் தனி அடுப்பு. கிருமாம்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிற பிரிவில் வேலை. அங்கே அவள் கற்றுக்கொடுத்த ஒரு பெண்ணே, எம்.பி.ஏ. இருக்கிறது என்பதால், அவளுக்கு மேலதிகாரியாக வந்து உட்கார்ந்துவிட்டாள். அந்த எரிச்சல்தான் இதற்கெல்லாம் வித்து. முப்பத்திரண்டு வயதில் இரண்டு வருடம் வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போகிறாளாம். என் மகனும் அங்கிருந்துகொண்டு சரி என்று சொல்லிவிட்டானாம். என்னை யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு தினமும் போன். சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு, இன்னும் பெயர் வாயில் நுழையாத ஊர்களிலிருந்தெல்லாம் கூப்பிட்டார்கள். முதல் வாரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். இரண்டாவது வாரம் எனக்கே பேச்சு வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஆளிடம் பேசுவது அவ்வளவு கஷ்டமில்லை.

"நா அவ மாமியா பேசறேன். அவ படிக்கல."

"ஏன் மேடம்?"

"நா வேணாம்ட்டேன்."

இது அவளுக்குத் தெரிந்துவிட்டது. பின்கட்டு வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"எத்தினி காலேஜ தொரத்தி வுட்டீங்க?"

"எண்ணல."

"நல்லதாப் போச்சி. போன் போட்டுக் கூப்பிடற காலேஜ் எதுவும் எனக்கு வேணாம். உருப்படியான காலேஜ்காரன் எவனும் வாசல்ல நின்னு கூவ மாட்டான்."

நான் செய்த கெடுதலையும் தனக்கு நல்லதாக மாற்றிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தரையில் ஒரு பெரிய தாளை விரித்துக் கோடு போட்டு உட்கார்வாள். கல்லூரிகளின் பெயர்கள் ஒரு வரிசை. பக்கத்தில், எந்தப் பரீட்சை, வாத்தியார்கள் எப்படி, படித்தவர்கள் எங்கே வேலையில் இருக்கிறார்கள், பஸ்ஸில் போய் வர முடியுமா என்று கட்டங்கள். கல்லூரிக்காரர்கள் சொன்னதை அவள் நம்பவில்லை. அங்கே படித்தவர்களின் நம்பரைத் தேடிப்பிடித்து ஒவ்வொருவரிடமும் பேசினாள். பாத்திரம் கழுவுகிற சாக்கில் நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒன்றில் வேலை வாங்கித் தருகிறோம் என்று ஏதோ கடைக்கு அனுப்பினார்களாம். அதை அடித்தாள். தபால் படிப்பை, கம்பெனியில் மதிக்கமாட்டார்கள் என்று அடித்தாள். சென்னை மேல் பேனாவை வைத்தாள், எடுத்தாள். அப்புறம் பிள்ளையைப் பார்த்துவிட்டு அதையும் அடித்தாள்.

மிஞ்சியது ஒன்றுதான். புதுச்சேரிக்குள்ளேயே இருக்கிற நல்ல கல்லூரி. இங்கிருந்து இரண்டு பஸ். பரீட்சை எழுதினாள். மார்க் சுமார். வெளியூர்க்காரர் வரிசையில் அந்த மார்க்குக்கு இடம் இல்லை. உள்ளூர்க்காரர்களுக்கு என்று ஒதுக்கிய இடத்தில் உண்டு. அதற்கு ஐந்து வருடம் விடாமல் இங்கே குடியிருந்ததாகத் தாலுகா ஆபீஸ் சர்டிபிகேட் வேண்டும்.

கல்யாணமாகிப் பத்து வருடமாக இங்கேதான் இருக்கிறாள். எளிதாகக் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் நான்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், நான் வைத்த குழம்பைப் பிள்ளை துப்பியது. "இவ்ளோ காரத்த கொழந்த எப்பிடி துன்னும்?" என்று அவள் கேட்டாள். மறுநாள் பின்கட்டில் தனி அடுப்பு வைத்துவிட்டாள். ஊரில் தனி அடுப்பு என்றால் தனிக் குடும்பம். தனிக் குடும்பத்துக்கு என் ரேஷன் கார்டில் என்ன வேலை என்று எனக்கு ஒரு வேகம். ஆபீஸ் என்றாலே நடுங்குகிற நான், யாரிடமும் சொல்லாமல் சிவப்பு கார்டை எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனேன். குடும்பத் தலைவி நான்தானே. 'என் மருமகள் இப்போது எங்கள் வீட்டில் இல்லை, பெயரை நீக்கவும்' என்று எழுதிக் கொடுத்தேன். நீக்கிவிட்டார்கள். ஒரு வருடம் கழித்து மகன் லீவில் வந்தபோது கார்டைப் பார்த்துக் கத்தினான். மறுபடி சேர்த்தோம்.

அந்த ஒரு வருடம் இப்போது முளைத்து வந்தது. அவள் அம்மா வீடு கடலூர்ப் பக்கம், தமிழ்நாடு. அந்த வருடம் அங்கே போய் இருந்திருப்பாள் என்று ஆபீஸில் நினைத்தார்கள். கார்டுத் தலைவி நேரில் வந்து சொல்ல வேண்டும் என்றார்கள். விண்ணப்பம் போட நாலு நாள்தான் இருந்தது.

அவள் என்னிடம் கெஞ்சவில்லை. "நாளைக்கு காலைல கௌம்புங்க" என்றாள். போகமாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். சொல்வதற்குள் உள்ளே போய்விட்டாள்.

பஸ்ஸில் ஒரு தாளை நீட்டினாள். டைப் அடித்தது. கவனக்குறைவால் மருமகளின் பெயர் விடுபட்டுவிட்டது என்று இருந்தது.

"இதுல கையெழுத்து போட்டா போதும். நீங்க வாயே தொறக்க வேணாம். அதான் உங்களுக்கு நல்லா வருமே."

ஆபீஸில் இருந்தது ஒரு பெண் அதிகாரி. எனக்குப் பின்னால் பெரிய வரிசை. நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தாளைக் கொடுத்தேன். அவர் படித்தார். பிறகு ஃபைலிலிருந்து இன்னொரு தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். ஜெராக்ஸ்தான். ஆனால் என் எழுத்து. 'எங்கள் வீட்டில் இல்லை.' கீழே என் கையெழுத்து.

"ஏம்மா, இது கவனக்கொறவா? அன்னைக்கு வூட்ல இல்லன்னு எழுதியிருக்கீங்க. இன்னைக்கு இருந்தான்னு எழுதியிருக்கீங்க. ரெண்டுல எது பொய்?"



மருமகள் முந்திக்கொண்டாள். "மேடம், அவங்களுக்கு வயசாயிடிச்சி, ஞாபகம்..."

"நீ சும்மா இரும்மா. அந்த வருஷம் அம்மா வூட்ல இருந்துட்டு, இப்ப சீட்டுக்காக வயசானவங்கள இட்டுகினு வந்து கையெழுத்து வாங்கறியா? உன்ன மாதிரி எத்தினி பேர பாத்திருக்கேன்."

அவள் வாய் அடைத்துப்போனது. பத்து வருடத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. சொல்லக்கூடாது, ஆனாலும் உண்மையைத்தானே எழுதுகிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், எம்.பி.ஏ. அங்கேயே முடிந்தது.

அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். கண்ணிலாவது ஒரு கெஞ்சல் வரட்டும் என்று இருந்தது. அவள் பார்க்கவே இல்லை. தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து ஃபைலில் அடுக்கத் தொடங்கினாள். இந்தக் கிழவி பேசமாட்டாள் என்று அவளே தீர்ப்பு எழுதிவிட்டாள். அதுதான் என்னைப் பேச வைத்தது. அதோடு பொய் என்னுடையது. அதற்கு அவள் திட்டு வாங்கினால் ஆயுசுக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். அவள் கையில் அப்படி ஒரு பிடியைக் கொடுக்க நான் தயாராக இல்லை.

"மொதல்ல எழுதுனதுதான் பொய்" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பின்னால் பேச்சு நின்றது.

"ஏன் பொய் எழுதுனீங்க?"

"கோவம்."

"அப்ப இவ எங்க இருந்தா?"

"எங்க வூட்டு பின்கட்டுல. தனியா பொங்கித் துன்னுகிட்டு. அவ குக்கர் விசில்லதான் தெனமும் நா கண்ணு முழிப்பேன்."

வரிசையில் யாரோ ஒரு ஆள், "எத்தினி விசில் பெரியம்மா?" என்றான்.

"நாலு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார்.

"டைப் அடிச்சது வேணாம். இப்ப சொன்னத உங்க கையாலயே எழுதுங்க."

எழுதினேன். 'என் மருமகள் எங்கள் வீட்டை விட்டு ஒரு நாளும் போகவில்லை. அவள் இல்லை என்று நான் முன்பு எழுதியது பொய். கோபத்தில் எழுதினேன்.' மருமகள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"ஒரு நாளும்னு போடாதீங்க. தீவாளிக்கு அம்மா வூட்டுக்குப் போனேன்."

"அதையும் எழுதட்டா?"

"வேணாம் வேணாம். வுடுங்க."

விசாரணைக்கு ஆள் வந்து அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டுப் போனார். மூன்றாம் நாள் சர்டிபிகேட் வந்தது. கார்டில் இடைவெளி இருப்பதால் கல்லூரியில் கேட்டால் காட்டு என்று, என் கடிதத்திலும் சீல் வைத்து ஒரு நகல் கொடுத்தார்கள். அங்கிருந்து நேராகத் தவளக்குப்பத்தில் ஒரு நெட் கடைக்குப் போனோம். அன்றுதான் கடைசி நாள். கடைக்காரப் பெண் என் கடிதத்தை மெஷினில் வைப்பதற்கு முன் படித்தாள். என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இத எதுக்கு அனுப்பற?" என்று மருமகளிடம் கேட்டேன்.

"அப்ளிகேஷனோட சேக்கணும்."

"அங்க எத்தினி பேரு படிப்பாங்க?"

"கமிட்டில அஞ்சாறு பேரு இருப்பாங்க."

"எல்லாம் ஆம்பளைங்களா?"

"பொம்பளைங்களும் இருப்பாங்க அத்த. மாமியாருங்ககூட இருப்பாங்க."

அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. கம்ப்யூட்டரில் பட்டனை அழுத்தினாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட என் எழுத்து எம்.பி.ஏ. கல்லூரிக்குப் போயிற்று, நான் பொய்க்காரி என்று சொல்வதற்காக.

இன்டர்வியூ முடிந்து வந்த அன்று, பேத்தியிடம் சொல்வதுபோல எனக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"ஒரு சார் கேட்டாரு, ரெண்டு வருஷம் படிக்கணுமே, வூட்ல சப்போர்ட் இருக்கான்னு. லெட்டர் படிச்சீங்களே சார்னேன். எல்லாம் சிரிச்சிட்டாங்க."

பேத்தியும் சிரித்தது. நான் கதவைச் சாத்தினேன்.

சீட்டு கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை மகன் எனக்குப் போன் செய்தான். குரலே மாறியிருந்தது.

"அம்மா, நீ மட்டும் வந்து சொல்லலன்னா சீட்டே இல்ல. நீதாம்மா காரணம்."

"அவ சொன்னாளா?"

"இல்லம்மா. நானா சொல்றேன்."

"அப்ப வெய்யி போன" என்றேன்.

சொல்ல வேண்டியவள் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள். சொல்லவில்லை. நானும் கேட்கப் போகவில்லை. வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து பேத்தி பள்ளிக்கூடம் விட்டு என் பக்கத்துக்குத்தான் வருகிறது. சாப்பாடு போடுகிறேன். அது பேத்திக்கு. அவளுக்குச் செய்கிற உதவி என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.